கோல் கம்பத்துக்குப் பின்னால் மூன்று இருக்கைகள்

மவுண்ட் ரோஸ்கில், ஓக்லாந்து
3 ஓகஸ்ட் 2025

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

நீங்களும் சித்தப்பாவும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்பிக்கொண்டு இதை எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் சுகம். அப்பாவுக்கு மட்டும் பஸ் ஓட்டி ஓட்டி இடுப்பு வலி. அம்மா முதியோர் இல்லத்தில் காலை வேலையும் மாலை வேலையும் சேர்த்துச் செய்வதால் சாப்பாட்டு மேசையிலேயே கண்ணயர்ந்துவிடுகிறார்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் நீங்களும் அம்மாவும் ரெலிபோனில் கதைக்கிறீர்கள். பிறகு ஏன் இந்தக் கடிதம் என்று நினைப்பீர்கள். நான் உதைபந்தாட்டம் என்று வாயெடுத்தவுடன் அம்மா, “காணும் உந்தப் பந்துக் கதை. சின்னம்மாவுக்கு வேறை வேலை இல்லையே?” என்று ரெலிபோனை வாங்கிவிடுவார். எனக்குச் சொந்தமாக ரெலிபோன் பதினைந்து வயதில்தான் கிடைக்கும். போன வருடம் பாடசாலைச் சஞ்சிகையில் வந்த என் கட்டுரையைத் தபாலில் அனுப்பினேன். நீங்கள் நாலு பக்கத்தில் பதில் எழுதினீர்கள். அந்தத் தைரியத்தில்தான் இதையும் எழுதுகிறேன்.

செய்தி இதுதான். உங்கள் ஊர் ரிவர்சைட் மகளிர் அணியின் போட்டி அட்டவணை வெளிவந்துவிட்டது. ஜனவரி 24, சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சிட்னியில் மெல்பேர்ன் அணியுடன் விளையாடுகிறார்கள். கோல் காப்பது மெலே. மெலே எங்கள் பாடசாலையில் படித்தவர். நூலகத்துக்கு வெளியே அவருடைய படம் மாட்டியிருக்கிறது, கையுறையோடு, ஒரு பல் இல்லாமல். நான் மதிய இடைவேளையில் நூலகத்தில் புத்தகம் அடுக்குகிறவள். ஆகவே ஒரு நாளைக்கு நாலு தடவை அந்தப் படத்தைக் கடக்கிறேன். அவர் தடுத்த பந்துகளையெல்லாம் ஒரு கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன். இதுவரை 211. எல்லாம் திரையில் பார்த்தவை.

ஒரு போட்டியைக்கூட நான் மைதானத்தில் பார்த்ததில்லை. 2023இல் மகளிர் உலகக் கிண்ணம் ஓக்லாந்துக்கே வந்தது. பாடசாலையால் கூட்டிக்கொண்டு போனார்கள். எனக்கு முதல் நாள் கொப்பளிப்பான் போட்டுவிட்டது. மவுண்ட் ஆல்பர்ட்டில் ஒருவர் பூச்சாடியில் வளர்த்த வேப்பங்கன்றிலிருந்து அம்மா எட்டே எட்டு இலை வாங்கிவந்து என் தலைமாட்டில் வைத்தார். நான் அந்த எட்டு இலைகளையும் பார்த்துக்கொண்டு கிடந்தேன். மற்ற நாட்களில் சனிக்கிழமை என்றால் தமிழ்ப் பள்ளி, அம்மாவுக்கும் அப்பாவுக்கும் வேலை.

ஜனவரியில் எனக்கு விடுமுறை. நான் வரலாமா, சின்னம்மா? முடியாவிட்டால் முடியாது என்றே எழுதுங்கள்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும் பெறாமகள்,
பிரணவி


வென்ட்வேர்த்வில், சிட்னி
18 ஓகஸ்ட் 2025

என் செல்லப் பிரணவிக்கு,

சுகமாக இருக்கிறேன். நீயும் அம்மாவும் அப்பாவும் சுகமாக இருங்கள். அத்தானின் இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்.

வரலாமா என்று கேட்டாயே, அதற்கு ஒரு கடிதம் எழுதிப் பதினைந்து நாள் காத்திருந்தாயே! ரிக்கெற் விற்பனை தொடங்கிய அன்றே வாங்கிவிட்டேன். மூன்று. உனக்கு, எனக்கு, சித்தப்பாவுக்கு. அவர் கிரிக்கெற் ஆள். வருவாரோ தெரியாது, கதைத்துப் பார்க்கிறேன்.

இருக்கைகள் கோல் கம்பத்துக்குப் பின்னால். பக்கவாட்டில் இருந்தால்தான் ஆட்டம் நன்றாகத் தெரியும் என்று கடைசி வரிசைக்காரரும் சொல்லுவார். சொல்லட்டும். கோல் காப்பவளைப் பார்க்க வருகிறவர்கள் பின்னால்தான் இருக்க வேண்டும்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் கோல் காத்தவள். அம்மா சொல்லியிருக்க மாட்டார். பாடசாலை அணியில் மூன்று வருடம். இடது கைச் சின்னவிரல் இன்றுவரை நிமிராது, வந்து பார். வீட்டிலிருந்து ஒருவரும் எந்த மட்சுக்கும் வந்ததில்லை. பெண்பிள்ளைகள் காற்சட்டையோடு ஓடுவதை வந்து பார்க்க வேண்டுமோ என்ற காலம் அது.

உனக்கு ஒரு விடயம் சொல்லித் தருகிறேன். கோல் விழுந்ததும் எல்லோரும் போட்டவளைப் பார்ப்பார்கள். கமராவும் அவளிடந்தான் ஓடும். அந்த நேரம் கோல் காத்தவள் வலைக்குள் போய்ப் பந்தைத் தானே எடுக்கிறாள். அதை ஒருவரும் பார்ப்பதில்லை. நீ அதைப் பார். அந்த நடையைப் பார்த்தால் அவள் நல்ல கீப்பரா இல்லையா என்று தெரியும்.

பின் அறையைத் துடைத்து வைக்கிறேன். அது உனக்குத்தான்.

அன்பு முத்தங்களுடன்,
சின்னம்மா


மவுண்ட் ரோஸ்கில்
7 செப்டெம்பர் 2025

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

உங்களுக்கும் சித்தப்பாவுக்கும் வணக்கம். நாங்கள் சுகம். ஒத்தடம் கொடுத்தோம், அப்பா இப்போது குனிந்து சப்பாத்துப் போடுகிறார். இன்று இங்கே தந்தையர் தினம். ஆகவே அப்பாவின் மனம் இளகியிருந்த நேரம் பார்த்து உங்கள் கடிதத்தை மேசையில் வைத்தேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

அம்மா: “தனியவோ? பதினாலு வயசிலையோ?”

அப்பா: “போகட்டுமன். அவள் என்ன சந்திரனுக்கோ போறாள்? இஞ்சை நாங்கள் ஏத்திவிட்டால் அங்கை கஜானி இறக்கிறாள்.”

அம்மா: “பிளேன் என்ன உங்கடை பஸ்ஸே? மணி அடிச்ச இடத்திலை நிப்பாட்ட?”

பிறகு அம்மா உங்கள் கடிதத்தை வாசித்தார். கோல் காத்த பகுதி வந்தபோது தாளைத் திருப்பிப் போட்டார். கடைசியில், “கஜானியிட்டை எண்டபடியால் சரி. வேறை ஆர் கூப்பிட்டாலும் விடமாட்டன்” என்றார். நான் அறைக்குள் ஓடிப்போய்த் தலையணையைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன். அடுத்த வீட்டுச் சிம்ரன் மதிலில் தட்டி, என்ன நடந்தது என்று கேட்டாள்.

சிம்ரனுக்குத் தொல்லை இல்லை. அவர்கள் பீஜியிலிருந்து வந்து முப்பது வருடம். நியூசிலாந்துக் கடவுச்சீட்டைக் காட்டிவிட்டு, இங்கே ஓக்லாந்துக்குள்ளேயே பக்குரங்காவுக்குப் போவதுபோல பிரிஸ்பேன் போய் வருகிறாள். எங்களுக்கு வதிவிட விசா மட்டுந்தான், கடவுச்சீட்டு இன்னும் இலங்கையுடையது. ஆகவே நான் அவுஸ்திரேலியாவுக்கு விசா எடுக்க வேண்டும். அப்பா பட்டியலை எடுத்து வந்திருக்கிறார். அதில் முக்கியமானது உங்கள் அழைப்புக் கடிதம். உங்கள் முகவரி, சொந்த வீடா வாடகை வீடா, வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், நான் எங்கே உறங்குவேன் எல்லாம் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டுமாம். எழுதி அனுப்பிவிடுங்கள். மீதியை அப்பா பார்த்துக்கொள்வார்.

நீங்கள் சொன்ன பிறகு பழைய போட்டிகளை மறுபடி பார்த்தேன். மெலே பந்தை எடுக்கும் நேரத்தில் கமரா உண்மையிலேயே வேறு பக்கம் போய்விடுகிறது. ஒரேயொரு தடவை ஓரத்தில் அவருடைய காலுறை மட்டும் தெரிந்தது.

139 நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும்,
பிரணவி


மவுண்ட் ரோஸ்கில்
12 ஒக்டோபர் 2025

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

சுகமாக இருக்கிறீர்களா? போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தபாலில் தவறியிருக்கலாம் என்று நினைத்து மறுபடி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். தீபாவளிக்கு அம்மா இப்போதே முறுக்குச் சுடத் தொடங்கிவிட்டார். முதியோர் இல்லத்தில் எண்பத்தொன்பது வயது ஐரிஷ் கிழவர் ஒருவர் போன வருட முறுக்கை இன்னும் விசாரிக்கிறாராம்.

ரெலிபோனில் அம்மா அழைப்புக் கடிதத்தைப் பற்றிக் கேட்டபோது, “ஓமக்கா, எழுதுறன்” என்று நீங்கள் சொன்னது எனக்கும் கேட்டது. அவசரப்படுத்துவதாக நினைக்க வேண்டாம். விசா வர ஐந்து ஆறு கிழமை எடுக்குமாம். நடுவில் டிசம்பரில் நத்தார் விடுமுறையும் வருகிறது. அதனால்தான் கேட்கிறேன்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ரயில் பாதை போட்டிருக்கிறார்களா? இந்த ஐந்து ஞாயிறும் நீங்கள் கதைக்கும்போது இடையிடையே ரயில் போகிறது. போன கிழமை ஏழு ரயில் எண்ணினேன். முன்பெல்லாம் உங்கள் வீட்டிலிருந்து சித்தப்பாவின் கிரிக்கெற் வர்ணனைதான் கேட்கும். சித்தப்பாவுக்கு இப்போது ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேலையா? அம்மா அவரைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் வேலைக்குப் போய்விட்டார் என்கிறீர்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அன்புடன்,
பிரணவி


சிட்னி
26 ஒக்டோபர் 2025

அன்புள்ள பிரணவி,

நலம். உங்கள் எல்லோரின் நலத்துக்கும் என் பிரார்த்தனை. முறுக்குப் பெட்டி வந்து சேர்ந்தது, அக்காவிடம் சொல்.

பிள்ளை, நான் யோசித்துப் பார்த்தேன். இந்த ஜனவரியை விட்டு அதற்கு அடுத்த ஜனவரியில் வந்தால் உனக்கும் வசதி, எனக்கும் வசதி. வீட்டுக்கு வர்ணம் பூச வேண்டியிருக்கிறது. சாமான்கள் எல்லாம் இழுத்துப் போட்டபடி கிடக்கின்றன. அந்த மணம் உனக்கு ஒத்துக்கொள்ளாது. இந்த மட்சைத் திரையில் பார். மெலே எங்கேயும் போகமாட்டாள்.

கோபிக்க மாட்டாய் என்று தெரியும். நீ நல்ல பிள்ளை.

சின்னம்மா


மவுண்ட் ரோஸ்கில்
9 நவம்பர் 2025

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

சுகமாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நாங்கள் சுகம் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் முழுவதும் அப்படி இல்லை.

உங்கள் கடிதத்தை நான் முதலில் யாருக்கும் காட்டவில்லை. இரண்டு நாள் கொப்பிக்குள் வைத்திருந்தேன். பிறகு இந்த யோசனைகளை எழுதினேன். எனக்குப் பின் அறை தேவையில்லை, முன் அறையில் பாய் போதும். வர்ணம் பூச எனக்குத் தெரியும், பாடசாலைச் சுவர் ஒன்றைச் சிம்ரனும் நானும்தான் பூசினோம். நான் அதிகம் சாப்பிடமாட்டேன். மட்ச் முடிந்து மறுநாளே திரும்பிவிடலாம். இவற்றில் ஏதாவது ஒன்று சரிவருமா?

நேற்று அப்பா தபால் தேடும்போது அதைக் கண்டுவிட்டார். “மூண்டு மாசமாப் பூசுறதுக்கு அது என்ன, அரண்மனையோ?” என்று பகிடியாகத்தான் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை. கையில் இருந்த மாவைக் கழுவாமலே கடிதத்தை வாசித்தார். “என்ரை பிள்ளை அவளுக்குப் பாரமாப் போச்சு. வேண்டாமெண்டால் எனக்கு நேரே சொல்லியிருக்கலாம். பிள்ளைக்கு எழுதுறாள்” என்றார். அப்பா, “உப்பிடி இராது, சோபனா. எடுத்துக் கேளுமன்” என்று சொன்னார். அம்மா கேட்கவில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை, உங்களுக்கு எடுக்கவும் இல்லை. மாலை நாலு மணிக்கு ரெலிபோன் மேசையில் இருந்தது, அம்மா சமையலறையில் இருந்தார். நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்படி ஒரு ஞாயிறு இருந்ததில்லை.

என்னால் உங்களுக்கும் அம்மாவுக்கும் இடையில் இப்படி ஆகிவிட்டது என்றால் நான் மட்சுக்கு வரவில்லை. உண்மையாகவே சொல்கிறேன். ஆனால் என்மேல் கோபமா என்று மட்டும் எழுதுங்கள்.

போன முறை உறையின் பின்பக்கத்தில் முகவரி எழுத மறந்துவிட்டீர்கள். இதைப் பழைய முகவரிக்கே போடுகிறேன். ரயில் சத்தத்தைப் பற்றி அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

உங்கள்,
பிரணவி


சிட்னி
23 நவம்பர் 2025

என் பிரணவிக்கு,

உன் கடிதம் பழைய முகவரிக்குப் போய், அங்கிருந்து மாற்றி அனுப்பப்பட்டு என்னிடம் வந்தது.

உன்மேல் எனக்கு எந்த நாளும் கோபம் வந்ததில்லை. நீ குறைவாகச் சாப்பிட வேண்டியதில்லை. வர்ணம் பூசவும் வேண்டியதில்லை. ஏனென்றால் இங்கே யாரும் வர்ணம் பூசவில்லை. உன்னிடம் பொய் சொன்னேன். அதற்கு என்னை மன்னித்துக்கொள்.

இந்த உறைக்குள் இன்னும் இரண்டு தாள்கள் இருக்கின்றன. ஒன்று ஆங்கிலத்தில், விசாக் கந்தோருக்கு. மற்றது அதன் தமிழ்ப் பிரதி, அம்மாவுக்கு. உன் பயணத்துக்குச் சம்மதம் என்று அவர் கையெழுத்து வைக்க முன்பு இங்கே இருக்கிறதை இருக்கிறபடி அவர் அறிய வேண்டும். நீயும் வாசிக்கலாம். உனக்கு ஓரளவு தெரியும் என்று நினைக்கிறேன். ஏழு ரயில் எண்ணினவள்தானே.

அக்காவுக்கு எழுத ஆறு தடவை தொடங்கினேன். ஒவ்வொரு தடவையும் “இங்கு யாவரும் நலம்” என்று கை தானாக எழுதிவிட்டது. விசாக் கந்தோருக்கு அப்படி எழுத முடியாது. கீழே கையெழுத்து வைக்க வேண்டும், ஒரு வரி பொய்யென்றாலும் உன் விசா போய்விடும். அதனால் அந்தக் கடிதத்தைத்தான் முதலில் எழுதினேன். ஒரே மூச்சில் எழுத முடிந்தது.

அம்மா வேலை முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு கொடு. சாப்பிட முன்பு கொடுக்காதே.

சின்னம்மா


(மேற்படி கடிதத்துடன் வைக்கப்பட்ட தமிழ்ப் பிரதி)

23 நவம்பர் 2025

விசா அதிகாரி அவர்களுக்கு,

எனது பெயர் கஜானி. வயது முப்பத்தாறு. அவுஸ்திரேலியக் குடியுரிமை பெற்றவள். பல் மருத்துவ நிலையம் ஒன்றில் உதவியாளராக வேலை செய்கிறேன்.

விண்ணப்பதாரியான பிரணவி எனது மூத்த சகோதரி சோபனாவின் மகள். எங்கள் வழக்கப்படி எனக்கும் மகள் முறையானவள். 2026 ஜனவரி 23 முதல் 30 வரை அவள் என்னுடன் தங்கியிருக்க அழைக்கிறேன். வருகையின் நோக்கம், ஜனவரி 24 அன்று நடைபெறும் உதைபந்தாட்டப் போட்டியைப் பார்ப்பது. இதற்கான அனுமதிச் சீட்டுகள் என்னிடம் உள்ளன. பிரதி இணைக்கப்பட்டுள்ளது.

நான் வசிப்பது ஹரிஸ் பார்க் ரயில் நிலையத்துக்கு அருகில், ஒரு படுக்கையறை கொண்ட வாடகை வீட்டில். 2025 செப்டெம்பர் 1 முதல் இங்கே இருக்கிறேன். இந்த வீட்டில் என்னைத் தவிர வேறு ஒருவரும் வசிக்கவில்லை. எனது கணவர் சஞ்சீவனும் நானும் பிரிந்துவிட்டோம். மீண்டும் சேர்ந்து வாழும் எண்ணம் இருவருக்கும் இல்லை. இதை எனது குடும்பத்தினருக்கு இதுவரை தெரிவிக்கவில்லை. இக்கடிதத்தின் பிரதி மூலம் தெரிவிக்கிறேன்.

பிள்ளை படுக்கையறையில் உறங்குவாள். நான் முன் அறையில் உறங்குவேன். அவளுடைய பாதுகாப்புக்கு நான் பொறுப்பு.

மேலே கூறிய யாவும் உண்மை.

(கையெழுத்து)
கஜானி


மவுண்ட் ரோஸ்கில்
7 டிசம்பர் 2025

கஜா,

சுகம் விசாரித்துத் தொடங்க வேண்டும் என்று தெரியும். நீ சுகமில்லாமல் இருந்திருக்கிறாய் என்று தெரிந்த பிறகு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. கடிதம் எழுதியே எத்தனையோ வருடம். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

வெள்ளிக்கிழமை நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பிரணவி எதிரே இருந்து என் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். “என்ன பிள்ளை, சோத்தை எண்ணுறியோ?” என்று கேட்டேன். கோப்பையைத் தானே எடுத்துக் கழுவிவிட்டு வந்து தாளைத் தந்தாள். விசாக் கடிதந்தானே என்று நின்றபடி வாசித்தேன். பிறகு இருந்தேன்.

உனக்கு மாப்பிள்ளை பார்த்தவள் நான். சாதகத்தைக் கொண்டுபோய்ப் பொருத்தம் பார்த்தவள் நான். நீ யோசிக்கிறேன் என்று சொன்னபோது, யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டவளும் நான்தான். அதனாலேதான் எனக்குச் சொல்லவில்லை என்று எனக்கு விளங்குகிறது. நான் உடைந்துபோவேன் என்று நினைத்தாய். அல்லது ஏசுவேன் என்று நினைத்தாய். இரண்டும் செய்யக்கூடியவள்தான். ஆனால் நீ மூன்று மாதம் ஒரு அறைக்குள் தனியே இருந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு எனக்குச் சிரித்துக் கதைத்திருக்கிறாய். நான் உன்னிடம் உள்ளி விலையும் பக்கத்து வீட்டுப் பூனையும் கதைத்திருக்கிறேன். பிள்ளைக்குக் கேட்ட ரயில் எனக்குக் கேட்கவில்லை.

என்ன நடந்தது என்று கேட்கமாட்டேன். நீ சொல்லும்போது சொல்.

நீ விளையாடின காலத்தில் உன்னுடைய சேற்று உடுப்பை அப்பாவுக்குத் தெரியாமல் நான் தோய்த்துப் போட்டேன். அது போதும் என்று நினைத்தேன். மைதானம் எங்கள் ஒழுங்கையிலிருந்து பத்து நிமிட நடைதான். ஒரு நாளும் வரவில்லை. தோற்றுப்போய் வந்தாலும் வென்று வந்தாலும் நீ ஒரே மாதிரிச் சைக்கிளைச் சாத்திவிட்டுக் கிணற்றடிக்குப் போவாய். என்ன முடிவு என்றுகூடக் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

சம்மதப் பத்திரத்தில் கையெழுத்து வைத்தாயிற்று. இன்னொன்று. மூன்றாவது ரிக்கெற்றை ஒருவருக்கும் கொடுக்காதே. எனக்கும் விசாவுக்குப் போட்டிருக்கிறோம். இல்லத்தில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். அத்தான் தானே சமைத்துச் சாப்பிடுவாராம், சமைத்ததை அடுத்த வீட்டுச் சிம்ரனின் அம்மா குசும் பார்த்துத் திருத்துவாவாம். உந்த விளையாட்டு எனக்கு விளங்காது. பிள்ளை சொல்லித் தருவாள்.

அக்கா


ஹரிஸ் பார்க், சிட்னி
19 டிசம்பர் 2025

என் அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை வேலைக்குப் போகும்போது ரயிலில் வைத்து வாசித்தேன். இறங்க வேண்டிய இடத்தைவிட்டு மூன்று நிலையம் தள்ளிப் போய்விட்டேன். பல் டொக்டர் ஏன் பிந்தினாய் என்று கேட்டார். அக்கா வருகிறா என்றேன். அவருக்கு விளங்கவில்லை.

சுகமாக இருக்கிறேன். இதை இப்போது உண்மையாகவே எழுதுகிறேன். நன்றாக உறங்குகிறேன். சமைத்த நாளில் சாப்பிடுகிறேன், சமைக்காத நாளில் பாண்.

வீடு சின்னது, பார்த்துப் பயப்பட வேண்டாம். தலையணை இரண்டுதான் இருக்கிறது, மூன்றாவது வாங்க வேண்டும். மிச்சத்தை நேரில் சொல்லுகிறேன். எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை எடுங்கோ அக்கா. ரயில் போகும்போது நிறுத்திவிட்டு, போனபிறகு கதைப்பம்.

கஜா


மவுண்ட் ரோஸ்கில்
11 ஜனவரி 2026

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

புது வருட வாழ்த்துகள், வரப்போகும் பொங்கலுக்கும் சேர்த்து. நாங்கள் மூவரும் சுகம், இந்த முறை முழுவதும் சுகம்.

ரெலிபோனில் சொல்லியாயிற்று, இருந்தாலும் எழுத்தில் இருக்கட்டும்: இரண்டு விசாவும் வந்துவிட்டன! அப்பா நூலகத்தில் அச்செடுத்து, மூன்று பிரதி எடுத்து, ஒன்றைச் சாமிப் படத்துக்குக் கீழே வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை, 23ஆம் திகதி, காலை ஒன்பது மணி விமானம்.

அம்மாவின் சூட்கேசில் மிளகாய்த்தூள், மோர்மிளகாய், ஊறுகாய், பருத்தித்துறை வடை என்று ஒரு கடை இருக்கிறது. சிட்னி விமான நிலையத்தில் சாப்பாட்டுச் சாமான்கள் எல்லாவற்றையும் எழுதிக் காட்ட வேண்டும் என்று நான் பட்டியல் போட்டேன். “எழுது, எழுது. உன்ரை சின்னம்மாவே கவுண்மேந்துக்கு எல்லாம் எழுதிக் குடுத்தவள், நான் மோர்மிளகாயை மறைக்கிறனே?” என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அம்மாவுக்கு விதிகள் சொல்லிக் கொடுக்கிறேன். உப்புப் போத்தலும் தேநீர்க் கோப்பைகளும் வைத்து ஓஃப்சைட் விளக்கினேன். அரை மணி நேரம் கேட்டுவிட்டு, “அப்ப அவள் ஏன் அங்கை போய் நிக்கிறாள்? நிக்கக் கூடாதெண்டு தெரியுந்தானே? சொல்வழி கேளாத பிள்ளை” என்றார். கோல் காப்பாளருக்கு மட்டும் ஏன் வேறு நிறச் சட்டை என்று கேட்டார். அவருக்கு மட்டுந்தான் கையால் தொட அனுமதி, நடுவர் அடையாளம் காண வேண்டும் என்றேன். “கஜாவின்ரை சட்டை மஞ்சள். சேறு போகவே போகாது” என்றார். மஞ்சள் என்று நீங்கள் எனக்கு எழுதவில்லை.

மெலேயின் கணக்கு இப்போது 263.

பிரணவி


மவுண்ட் ரோஸ்கில்
22 ஜனவரி 2026

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடப்போவதில்லை. நாளைக்கு விமான நிலையத்தில் உங்கள் கையிலே தருவேன். ஆகவே சுகம் விசாரிக்கத் தேவையில்லை, முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வேன். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இன்று என்னால் வாசிக்க முடியவில்லை. ஒரே பக்கத்தை ஐந்து தடவை வாசித்துவிட்டு மூடிவைத்தேன்.

கைப்பையில் இருப்பவை: கடவுச்சீட்டு, விசா, சம்மதப் பத்திரம், உங்கள் அழைப்புக் கடிதம், இரண்டு பேனை, மெலேயின் கொப்பி. சிம்ரன் தன்னுடைய கறுப்புக் கழுத்துச் சால்வையை இரவல் தந்தாள். சிட்னியில் முப்பத்தைந்து பாகை வெயிலாம், இருந்தாலும் கொண்டுவருகிறேன். மைதானத்தில் புல் மணக்குமா, பந்து உதைபடும் சத்தம் எங்கள் இருக்கைவரை கேட்குமா, மெலே தன் அணியினரைக் கூப்பிடும் குரல் எப்படி இருக்கும் என்றெல்லாம் நான் உங்களிடம் கேட்க நினைத்தேன். இப்போது கேட்கமாட்டேன். இன்னும் இரண்டு நாள்தான்.

அம்மா தன் தலையணையைச் சூட்கேசில் வைத்துவிட்டார். அதற்கு இடம் விடுவதற்காக ஊறுகாய்ப் போத்தல் வெளியே வந்துவிட்டது. அங்கே வாங்கலாம் என்று அப்பா சொன்னதற்கு, “அவள் எனக்கெண்டு ஒண்டும் வாங்கத் தேவையில்லை” என்றார்.

இன்று பின்னேரம் ரிவர்சைட் அணியின் போன கிழமை ஆட்டத்தை அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். வேலை உடுப்பை மாற்றாமல், கையில் தேநீரோடு பக்கத்தில் வந்து இருந்தார். முதல் பாதி முழுவதும் ஒன்றும் கேட்கவில்லை. நித்திரையாகிவிட்டார் என்று நினைத்தேன். ஐம்பத்திரண்டாவது நிமிடம் எதிரணி ஒரு கோல் போட்டது. போட்டவர் மூலைக் கொடியை நோக்கி ஓடினார், மற்றவர்கள் அவர்மேல் விழுந்தார்கள். கமரா அவர்களைச் சுற்றிச் சுற்றிக் காட்டியது. கோல் விழுந்த பிறகு எங்கே பார்க்க வேண்டும் என்று நீங்கள் எழுதியிருந்ததை நான் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. ஓஃப்சைட்டோடு எங்கள் பாடம் நின்றிருந்தது.

அம்மா தேநீரைக் கீழே வைத்தார்.

“அவை துள்ளினது காணும். அந்தப் பிள்ளை எங்கை?”

“எந்தப் பிள்ளை, அம்மா?”

“பந்தை எடுக்கப் போன பிள்ளை. அவளைக் காட்டச் சொல்லு.”

நாங்கள் சொல்லி அவர்கள் காட்டமாட்டார்கள் என்றேன். அம்மா திரைக்குக் கிட்டப் போய், ஓரத்தில் எங்காவது தெரிகிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு திரும்பி வந்து இருந்தார்.

“சரி,” என்றார். “சனிக்கிழமை பாப்பம்.”

உங்கள் மகள்,
பிரணவி